ராணி வசனம் யார் படிப்பது?

போன ஞாயிற்றுக்கிழமை திருப்பதியில், ஏகாம்பரம் சார் வீட்டு ஹாலில் ராணியாக நடித்தேன். மீசையோடு.

சார் சித்தூர் கல்லூரியில் தமிழ் வாத்தியாராக இருந்து ரிட்டையரானவர். வேலையில் இருந்தபோது லீவு விட்டால் போதும் — நகரி, புத்தூர், சத்தியவேடு என்று பஸ் ஏறிவிடுவார். பழைய நாடகப் பிரதிகளைத் தேடிப் பிடித்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பிழை நீக்கிப் பதிப்பிப்பார். ஆயுசு முழுக்க அதே வேலை.

இப்போது கடைசி நாடகம் ப்ரூஃபில் இருக்கிறது. சாருக்குக் கண்தான் ஒத்துழைக்கவில்லை. பொங்கலுக்குள் திருத்தித் தராவிட்டால் வேறு ஆளிடம் கொடுத்துவிடுவேன் என்கிறார் பதிப்பாளர்.

எனவே, படித்துக்காட்ட அவருடைய பழைய மாணவன் நான். ஏற்ற இறக்கத்தோடு பிரமாதமாகப் படித்தேன் — என் அபிப்பிராயம்.

"நீ படிச்சா தப்பே வர மாட்டேங்குதுப்பா," என்றார் சார்.

"நன்றி சார்."

"இன்னா நன்றி? தப்பு அச்சுல கீது. உன் வாய் அத்த திருத்திக்கினே போவுது. எனக்கு எப்படித் தெரியும்?" சமையலறைப் பக்கம் திரும்பினார். "சரோஜா, இங்க வாமே!"

சரோஜாம்மாவுக்கு வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு. தமிழ் எழுத்தை இந்த வருஷம்தான் சாரிடம் கற்றுக்கொண்டார். கணவர் பதிப்பித்த ஒரு நாடகத்தைக்கூடப் படித்ததில்லை. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி ஆரம்பித்தார். போருக்குக் கிளம்பும் ராஜாவை ராணி தடுக்கும் இடம்.

சட்டென்று நிறுத்தினார். "இன்னாங்க, இத்த இப்பதான சொன்னா? மறுபடியும் அதயே சொல்றாளே?"

"அவ சொல்லலமே, அச்சுக்காரன் சொல்றான். ஒரு வரிய அடிச்சுடு."

நானும் அந்த இடத்தைப் படித்திருந்தேனே... ஒரே தடவைதான் வந்தது!

ராஜாவின் பதிலை சார் மனப்பாடமாகச் சொன்னார். ராணி அடுத்த எழுத்தைக் கண்டுபிடிக்கும்வரை காத்திருந்தார். ஒரு பக்கம் முடிவதற்குள் என் காபி ஆறிவிட்டது.

வழியனுப்ப வாசலுக்கு வந்த அம்மாவிடம் கேட்டேன். "இந்த ஸ்பீடுல போனா பொங்கலுக்குள்ள முடியுமாம்மா?"

குரலைத் தாழ்த்தினார். "முடியணும்னு வேண்டிக்கினுதான் கீறேன் தம்பி. சீக்கிரமா முடியணும்னு வேண்டிக்கல. கட்டிக்கினு வந்த நாள்லேர்ந்து அவரு ராணிங்களோடதான் பேசிக்கினு இருந்தாரு. இப்பத்தான் அந்த ராணி நானா கீறேன்."

பஸ் ஸ்டாண்டிலிருந்தே பதிப்பாளருக்கு போன் போட்டு, சித்திரை வரை டைம் கேட்டேன். முனகிக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

"வேகமாப் படிக்க ஓர் ஆள் கிடைக்கலையா சார்?"

"கிடைச்சான்," என்றேன். "டிஸ்மிஸ் பண்ணிட்டாங்க."