மேனேஜர் தூங்குகிறார்

கடையில் அவளுக்குப் பெயர் கூண்டு அக்கா. பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு, சம்பளப் பட்டியலைத் தவிர வேறெங்கும் அது தலைகாட்டுவதில்லை. செல்லப்பிராணிக் கடையின் பின்னறையில், தீவன மூட்டைகளுக்கு அந்தப் பக்கம், பதினேழு வருடமாக நிற்கிறாள். ஹாம்ஸ்டர் எலி, முள்ளெலி, சிறுத்தைப்பல்லி, கையகல ஆமை என்று, நாயும் பூனையும் வளர்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் சட்டம் போட்ட அடுக்குமாடிகளுக்குப் போகும் சின்ன உயிர்களெல்லாம் அவள் பொறுப்பு.

வந்தவர்களிடம் “என்ன வேணும்?” என்று அவள் கேட்க மாட்டாள். “பகல்ல வீட்டுல யாரு இருப்பாங்க? ராத்திரி எத்தனை மணிக்கு லைட்டை அணைப்பீங்க? கீழ்வீட்டுக்காரரோட சண்டை உண்டா?” என்பாள். பெண் பார்க்க வந்த வீட்டார் கூட இத்தனை கேள்வி கேட்க மாட்டார்கள். ஆமை கேட்டு வந்த ஓய்வுபெற்ற குமாஸ்தாவிடம், “ஐயா, அது இன்னும் நாப்பது வருஷம் இருக்கும். உங்களுக்கு அப்புறம் யாரு பாத்துப்பாங்க?” என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டாள். அவர் எழுந்து போய்விட்டார். முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். அவருக்கு ஒரே வேதம்தான், நாய் விற்ற காசு குரைக்காது. வேலியில் போகிற ஓணானை மடியில் எடுத்து விட்டுக்கொள்கிறேன் என்று காசோடு நிற்பவனை நாம் ஏன் தடுக்க வேண்டும் என்பார். ஆனால் அவள் தேர்ந்து கொடுத்த பிராணி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அதனால் அவரும் அவளை வேலையை விட்டு அனுப்பவில்லை.

அந்தக் கடையில் ஒரு வார்த்தைக்கு மட்டும் தடை. வாடிக்கையாளர் முன்னால் எதுவும் ‘சாகாது’. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒன்று காலை விறைத்துக்கொண்டு கிடந்தால், “அது தூங்குதுங்க” என்று மெதுவான குரலில் சொல்லி, பெட்டியை உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். பதினேழு வருடத்தில் அவள் நாக்கு அதற்கே பழகிவிட்டது. தம்பி சாப்பிட வருகிற நாளில் வீட்டிலும் அதுதான். “இன்னிக்கு மூணு தூங்குதுடா” என்று தட்டின் முன் உட்கார்ந்து சொல்வாள். தம்பி, “போர்வை போர்த்திட்டு வந்தியா?” என்று கேட்பான். கேட்கிறவர்களுக்குக் குமட்டும் வேடிக்கைதான். அவர்கள் இரண்டு பேருக்கும் அது சிரிப்பு.

அது தம்பி சிரித்துக்கொண்டிருந்த காலம். சரக்குக் கிடங்கில் பெட்டி கட்டுகிற வேலை அவனுக்கு. ஒரே மாதத்தில் வேலையும் போனது, பெண்டாட்டியும் மகளை அழைத்துக்கொண்டு போய்விட்டாள். பட்ட காலிலே படும் என்று சும்மாவா சொன்னார்கள். அக்காவின் நாலாவது மாடி வீட்டுக்கு ஒரு பையோடு வந்தவன், பின் அறைக்குள் போனான். பதினோரு மாதம் வாசற்படி தாண்டவில்லை. ராத்திரி முழுக்க விழிப்பு, பகல் முழுக்கப் படுக்கை. கேட்டதற்கு “ம்.” கேட்காததற்கு அதுவும் இல்லை. ஒருநாள் குளியலறை அலமாரியிலிருந்து சவரக் கத்தியை எடுத்து அவள் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கடையில் நிற்கும்போதெல்லாம் அவள் மனம் அந்தப் பின் அறைக் கதவிலேயே இருந்தது. இவனை இழந்துவிடுவோமோ என்ற பயம்தான், வேறொன்றுமில்லை.

ஊருக்கெல்லாம் பிராணி தேர்ந்து கொடுத்தவளுக்குத் தன் வீட்டுக்கு ஒன்று தேர மூன்று வாரம் பிடித்தது. பல்லி வேண்டாம், அது இவனைப் போலவே அசையாமல் கிடக்கும். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு கிடந்தால் பார்க்கிற இவளுக்குப் பைத்தியம் பிடிக்கும். முள்ளெலி வேண்டாம், தொட்டால் சுருண்டுகொள்ளும். அவனிடமிருந்து சுருண்டுகொண்டவர்கள் போதும். கடைசியில் ஒரு சாம்பல் நிற ஹாம்ஸ்டரைத் தேர்ந்தாள். தனியாக இருக்கும், துணை சேர்த்தால் சண்டை போடும். பகலில் தூங்கும், ராத்திரியில் விழிக்கும். விழித்திருக்கும் நேரமெல்லாம் கூண்டுச் சக்கரத்தில் ஓடும். அவன் விழித்திருக்கும் நேரத்தில் அந்த வீட்டில் இன்னொரு உயிரும் விழித்திருக்கட்டும் என்பது அவள் கணக்கு.

கணக்கு தப்பவில்லை. ஐந்தாம் நாள் காலை அவள் கடைக்குக் கிளம்பும்போது பின் அறையிலிருந்து குரல் வந்தது.

“அக்கா, இவருக்கு மேனேஜர்னு பேர் வெச்சிருக்கேன்.”

“ஏன்டா?”

“கிடைச்சதெல்லாம் வாய்க்குள்ள அடக்கிக்கறாரு. ஓயாம ஓடறாரு, இடத்தைவிட்டு நகரமாட்டேங்கறாரு. எங்க மேனேஜர் அச்சு அசல் இப்படித்தான்.”

அவள் படிக்கட்டில் இறங்கும்போது அழுதாள். கீழ்வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, கண்ணில் தூசியா என்று கேட்டார். ஆமாம் என்றாள்.

ஒன்றரை மாதம் ஓடியது. மேனேஜர் சூரியகாந்தி விதை சாப்பிட்டார், மேனேஜர் கோபமாக இருக்கிறார், மேனேஜருக்கு மரத்தூள் மாற்ற வேண்டும் என்று தினம் ஒரு சேதி. குளிர் பிடித்த ஒரு சனிக்கிழமை, முற்பகலில், கடை முழுக்கக் கூட்டம். ஒரு தம்பதி பல்லிப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்கள். அவள் கைபேசி அடித்தது.

“அக்கா, மேனேஜர் எழுந்திரிக்கல. தொட்டா சில்லுன்னு இருக்காரு. கை காலெல்லாம் விறைச்சிருக்கு.”

“ராத்திரி ஜன்னலைத் திறந்து வெச்சியா?”

“மூத்திர நாத்தம் அடிச்சுதுன்னு திறந்தேன். அப்படியே விட்டுட்டேன்.”

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. குளிர் ஏறினால் ஹாம்ஸ்டர் கட்டைபோலாகிவிடும். மூச்சு வருவதே தெரியாது. உள்ளங்கையில் வைத்து மெல்லச் சூடேற்றினால் எழுந்துகொள்ளும். பதறத் தேவையில்லை, ஒருநாள் முழுக்கக் கூட அப்படிக் கிடக்கும். வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லி அனுப்புவாள். தம்பியிடம் மட்டும் சொல்லவில்லை. அந்த அறைக்குள் சாவு என்ற பேச்சே நுழைய வேண்டாம் என்று நினைத்திருந்தாள். ஊருக்குத்தான் உபதேசம்.

பல்லி பெட்டியிலிருந்து குதிக்கப் பார்த்தது. ஒரு கையால் மூடியைப் பிடித்துக்கொண்டு, அவன் பயந்துவிடக் கூடாதே என்று குரலைத் தாழ்த்தி மெதுவாகச் சொன்னாள்.

“பயப்படாத. அது தூங்குது. நான் வந்து பாத்துக்கறேன், போனை வை.”

கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. மறுபடியும் கூப்பிட்டாள். போனை எங்காவது போட்டுவிட்டுப் படுத்திருப்பான், அது அவன் வழக்கம்தானே என்று விட்டுவிட்டாள். முதலாளியிடம் அரை மணி நேரம் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். கேட்கவில்லை.

சாயங்காலம் கதவைத் திறந்தபோது தம்பி கூடத்தில் உட்கார்ந்திருந்தான். குளித்து, தலை வாரியிருந்தான். கூண்டு கழுவி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“அடக்கம் பண்ணிட்டேன்க்கா.”

“என்னது?”

“பால்கனித் தொட்டியில. என் கைக்குட்டையில சுத்தி வெச்சேன். அப்புறம் தொட்டியை வெயில் படற பக்கமா இழுத்துப் போட்டேன். பாவம், ரொம்ப சில்லுன்னு இருந்தாரு.”

“யாருடா உன்னை…”

“நீதானே சொன்னே, தூங்குதுன்னு. கடையில சொல்ற அதே குரல்ல சொன்னே. பக்கத்துல ஆள் இருக்காங்க, அதான் அப்படிச் சொல்றேன்னு புரிஞ்சுக்கிட்டேன்.”

பதினேழு வருடத்தில் அந்த வார்த்தையை அவள் உண்மையாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

“கடைத்தெரு தூசி, தலைவலிக்குது. கொஞ்சம் தண்ணி சுட வையேன்” என்று அவனை அடுப்படிக்கு அனுப்பினாள். பால்கனிக்குப் போய்த் தொட்டியின் ஓரமாக வெறும் கையால் தோண்டினாள். மண் இன்னும் கதகதப்பாக இருந்தது. பகல் வெயிலில் தொட்டி நன்றாகச் சூடேறியிருந்தது. அவள் உள்ளங்கையால் செய்ய வேண்டியதை வெயில் செய்துவிட்டது. கைக்குட்டையின் ஓரத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்குக் கடித்த ஓட்டை. மேனேஜர் அதற்குள் இல்லை. அதற்கு ஒரு சாண் மேலே, முன்னங்கால்களில் மண்ணோடு, மூக்கை மேல்நோக்கி நீட்டியபடி கிடந்தது. இரண்டு விரற்கடை மண்தான் மிச்சம். அள்ளி எடுத்து, கைகளுக்குள் பொத்தி ஊதிப் பார்த்தாள். தெரிந்தும் ஊதினாள். பிறகு திரும்ப உள்ளே வைத்து மூடினாள். ஓட்டை விழுந்த கைக்குட்டையைச் சுருட்டித் தன் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

திரும்பினால் தம்பி பால்கனி வாசலில் நிற்கிறான். அவள் கையில் மண்.

“ஏன்க்கா தோண்டினே?”

“சும்மா, ஒரு தடவை பாக்கணும்னு தோணுச்சு.”

அவன் முகம் மாறியது. “அக்கா, நான் உசிரோட ஒண்ணும்… உசிரோட புதைக்கலையே?” இந்த ஒரு கேள்விக்கான பதிலைச் சுமந்துகொண்டு அவன் அந்தப் பின் அறைக்குள் போனால் மறுபடி வெளியே வரமாட்டான். அது அவளுக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

“செத்துப்போச்சுடா” என்றாள். நாக்கு புரளவே இல்லை, ஆனாலும் சொன்னாள். “காலையிலயே செத்துதான் இருந்துச்சு. நீ பண்ணினதுல ஒரு தப்பும் இல்ல.”

அவன் தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதான். அக்கா வீட்டுக்கு வந்ததிலிருந்து முதல் அழுகை. மேனேஜருக்காக மட்டும் அழுத அழுகை இல்லை அது. அவள் அவன் தலையைத் தொடப் போய், கையில் மண் இருந்ததால் நிறுத்திக்கொண்டாள்.

அழுது முடித்தவனுக்குப் பசித்தது. இருவரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டே அவன் சொன்னான்.

“அடுத்த வாரம் நானே உன்கூட கடைக்கு வரேன்க்கா. வெளிய வந்தாதான் ஆகும்போல. இன்னொண்ணு பாக்கலாம். எனக்கென்ன தெரியும், நீ எதைச் சொல்றியோ அதான். உன் வாயில வர்ற வார்த்தையை நம்பினா போதும், தப்பே வராது.”

அவள் வாயில் ஒரு கவளம் இருந்தது. மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.