இரட்டை வெட்டுக் காது

பத்து வருஷத்தில் நாலாயிரத்துச் சொச்சம் ஆடுகளைச் சுட்டவனுக்கு வீட்டில் ஒரு கோழியை அறுக்க மனசு வராது. "தீவையே சுட்டுத் தள்ளுற மனுஷன், இதுக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கிறாரு" என்று அலுத்துக்கொண்டே அவன் பெண்டாட்டிதான் கத்தியை எடுப்பாள். வேட்டு என்பது அவனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. தீவுச் சரணாலயத்தில் துப்பாக்கி வேலைக்குச் சேர்ந்த மறுநாள் படகுத்துறையில் வைத்த பெயர். வைத்தவர்கள் பாராட்டி வைக்கவில்லை.

தீவு நாலு மைல் நீளம், முக்கால் மைல் அகலம். கப்பலில் போகிறவன் பார்த்தால் வெறும் பாறை என்றுதான் சொல்வான். ஆனால் அந்தப் பாறைமேல் மண் இருந்தது. அந்த மண்ணைச் சேர்த்தவை பறவைகள். பகலெல்லாம் கடலில் மீன் பிடித்துவிட்டு, பொழுது சாயும்போது வந்து, முயல் மாதிரி மண்ணில் வளை தோண்டி, வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும் கடல் பறவைகள். ஒரு ஜோடி எத்தனை வருஷம் ஆனாலும் அதே வளைக்குத்தான் திரும்பும். அவற்றின் எச்சமும் இறகும் ஆயிரக்கணக்கான வருஷம் மட்கி மண்ணானது. முதலில் வந்த மனிதர்கள் எச்சத்தை உரத்துக்குச் சுரண்டினார்கள். வளைக்குள் கையை விட்டுக் குஞ்சுகளை இழுத்துத் தலையைக் கல்லில் அடித்து, கொழுப்பைக் காய்ச்சி விளக்கெரித்தார்கள். மனிதன் அங்கே போட்ட பிள்ளையார் சுழியே அதுதான். பிறகு கலங்கரை விளக்கம் வந்தது. அதைக் கட்டவும் காக்கவும் வந்த நாற்பது குடும்பங்கள் ஆடுகளோடு அங்கேயே தங்கிவிட்டன. வேட்டு பிறந்தது அதில் ஒரு குடும்பத்தில்.

வேலி இல்லாத ஊர் அது. எல்லார் ஆடும் கலந்துதான் மேயும். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் காதில் ஒரு அடையாளம் உண்டு. ஒரு வீட்டுக்குத் துளை, ஒரு வீட்டுக்குச் சாய்வு வெட்டு. வேட்டுவின் வீட்டுக்கு இடது காது நுனியில் பக்கத்துக்கொன்றாக இரண்டு வெட்டு. குட்டி பிறந்த பத்தாம் நாள் அப்பா மடக்குக் கத்தியால் வெட்டுவார். அண்ணன் குட்டியை அழுத்திப் பிடிப்பான், தம்பி வேட்டு சாம்பலைத் தடவுவான்.

வேட்டுவுக்குப் பத்தொன்பது வயதாகும்போது தீவைக் காலி செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. பறவைகளுக்காகவாம். போகமாட்டோம் என்று ஜனங்கள் படகுத்துறையில் உட்கார்ந்தார்கள். தடியடி நடந்தது. முன்வரிசையில் இருந்த அப்பாவின் மண்டையில் இரண்டு அடி. சாயங்காலம் உயிர் போயிற்று. மறுநாள் காலையில் அவரைப் புதைத்தார்கள், மதியம் படகில் ஏற்றினார்கள். தீவில் தோண்டிய கடைசிக் குழி அவருடையது. பிடிக்க முடியாத முந்நூறு ஆடுகள் அங்கேயே நின்றுவிட்டன.

ஆட்களை விரட்டியவர்கள் ஆடுகளை மறந்தார்கள். இருபது வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் தீவு முழுக்க ஆடு. புல் இல்லை, புதர் இல்லை. வேர் போனதும் மண் மழையோடு கடலுக்கு இறங்கிவிட்டது. பறவைகள் வளையைத் தேடி வந்து, வெறும் பாறையில் முட்டையிட்டு, அது உருண்டு உடைவதைப் பார்த்துக்கொண்டு நின்றன. அப்போதுதான் மேலிடத்துக்குப் புத்தி வந்து துப்பாக்கி ஆள் தேடினார்கள். தீவின் சந்துபொந்து தெரிந்தவன் வேண்டும் என்றார்கள். வேட்டு போய் நின்றான்.

அண்ணன் வாசலுக்கு வந்து கத்தினான். "அப்பாவை அடிச்சுக் கொன்னவனுங்க கிட்டயே கூலிக்குப் போறியா? உனக்கு வெட்கமா இல்ல?"

"அங்க கால் வைக்க எனக்கு வேற வழி தெரியலண்ணா."

அண்ணன் காறித் துப்பிவிட்டுப் போனான். அத்தோடு பேச்சு நின்றது. அம்மா செத்த வீட்டில்கூட ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள்.

வேட்டு வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. சரணாலயத்துக் கண்காணிப்பாளர் அம்மா கறாரான பெண்மணி, ஆனால் சொன்ன சொல் மாறாதவர். "கடைசி ஆடு போய் ரெண்டு வருஷம் ஆகட்டும். அப்புறம் வருஷத்துல ஒரு நாள் உங்க ஜனங்க கல்லறைத் தோட்டத்துக்கு வந்து போகலாம். நான் எழுதியே தரேன்" என்றார். எழுதியும் கொடுத்தார். அந்தத் தாளுக்காகத்தான் வேட்டு சுட்டான்.

ஆடு தனியாக இருக்காது, அதுதான் அதற்கு எமன். ஒரு பெட்டையைப் பிடித்துக் கழுத்தில் ரேடியோப் பட்டை கட்டி விட்டுவிடுவார்கள். அது தேடிப் போய்க் கூட்டத்தில் சேரும். பின்னாலேயே வேட்டு போய், அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சுடுவான். கிடாய், சினைப்பெட்டை, பால் குடிக்கும் குட்டி, ஒன்றையும் விடக்கூடாது. குண்டு வயிற்றில் பட்டால் குடலை இழுத்துக்கொண்டு ஓடும். துரத்திப்போய்க் கழுத்தை அறுக்க வேண்டும். பட்டைக்காரி ரத்தத்தில் நின்று கத்திவிட்டு அடுத்த கூட்டத்தைத் தேடிக் கிளம்புவாள். கணக்குக்கு இடது காதை அறுத்துச் சாக்கில் போட்டு அலுவலகத்தில் கொட்ட வேண்டும். அது ஒரு பிழைப்பா என்று கேட்டால், இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு செய்தான்.

பத்தாவது வருஷம் எண்ணிக்கை விரல் விட்டு எண்ணும் அளவுக்கு வந்தது. அப்போதுதான் ஒரு நாள் அறுத்த காதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். நுனியில் பக்கத்துக்கொன்றாக இரண்டு வெட்டு. காயம் ஆறி ஒரு மாதம்கூட இருக்காது. தீவில் தானாகப் பிறந்த ஆட்டுக்குக் காதில் வெட்டு ஏது? யாரோ கரையிலிருந்து கொண்டுவந்து விடுகிறார்கள். யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை.

அண்ணனுக்கு அது ஆடு இல்லை, பட்டா. வெட்டு இல்லாத ஆட்டை வீட்டு ஆடு என்று அவன் ஒப்புக்கொள்ளவே மாட்டான். கள்ளத்தனமாகக் கொண்டுவந்து விடுகிற ஆட்டுக்கும் அப்பாவின் கத்தியால் கையெழுத்துப் போட்டுத்தான் விட்டிருக்கிறான். பைத்தியக்காரன்! நாற்பது வீட்டு அடையாளமும் அலுவலகப் பதிவேட்டில் படம் போட்டு இருக்கிறது. சிக்கினால் சிறை மட்டும் இல்லை. போன வருஷம் முட்டைத் திருடர்கள் ஒரு காவலனைக் குத்திய பிறகு, திருட்டுப் படகைக் கண்டால் சுடலாம் என்று உத்தரவே இருந்தது.

வேட்டு காதின் நுனியை நறுக்கிக் கடலில் எறிந்துவிட்டு மிச்சத்தைச் சாக்கில் போட்டான். அடுத்த வாரம் இன்னும் இரண்டு. அதையும் நறுக்கினான்.

கண்காணிப்பாளர் அம்மா மூன்று காதுகளையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். "இதெல்லாம் என்ன, நுனி இல்லாம?"

"முள்ளு கிழிச்சிருக்கும்மா."

"முள்ளா? செடியே இல்லாத தீவுல?"

அந்த அம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்குத் தெரியாமல் இரண்டு காவலர்களைத் தீவில் இறக்கி, அவன் போகும் இடமெல்லாம் பின்னால் போகச் சொன்னார். பட்டை கட்டாததுதான் குறை.

அமாவாசைக்கு அடுத்த நாள் மத்தியானம், நீர் வற்றியிருக்கும்போது, படகுத்துறையை விட்டால் தெற்குப் பாறைப் பிளவில் மட்டும் படகு ஒதுங்கும். அது தீவில் பிறந்தவனுக்குத்தான் தெரியும். வேட்டு அங்கே காத்திருந்தான். மழை சாய்த்துப் பெய்தது. நினைத்தபடியே அண்ணனின் படகு வந்தது. உள்ளே கால் கட்டிய ஒரு கிடாயும் மூன்று பெட்டைகளும்.

"அண்ணா, திரும்பிப் போயிடு. உன் காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"ஆடு இருக்கிற வரைக்கும் இது நம்ம தீவுடா. நீ வழி விடு."

"ஆடு இருக்கிற வரைக்கும் அப்பாவைப் போய்ப் பாக்க முடியாது. அது புரியுதா உனக்கு?"

"அவரைப் பாக்க நான் எவன் கிட்டயும் சீட்டு வாங்க மாட்டேன்."

அண்ணன் கிடாயைத் தோளில் தூக்கினான். வேட்டு சுட்டான். கிடாயின் தலை சிதறி அண்ணன் முகமெல்லாம் ரத்தம். அடுத்தடுத்து மூன்று குண்டு, மூன்று பெட்டை. குண்டு துளைத்துப் படகின் அடிப்பலகை பிளந்தது. ஒரு பெட்டை சாகவில்லை. கால் கட்டோடு தண்ணீருக்குள் போகும்வரை கத்தியது. படகும் அதோடு அமிழ்ந்தது.

அண்ணன் துடுப்போடு பாய்ந்தான். முதல் அடியில் வேட்டுவின் தோள்பட்டை விலகியது. இரண்டாவதில் துப்பாக்கி பறந்து பாறையிடுக்கில் விழுந்தது. அண்ணன் நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்து, குட்டியை அழுத்துவதுபோலத் தலையைப் பாறையோடு அழுத்தினான். மடக்குக் கத்தி திறக்கும் சத்தம் வேட்டுவின் காதோரம் கேட்டது. இடது காது நுனியில் இந்தப் பக்கம் ஒரு வெட்டு, அந்தப் பக்கம் ஒரு வெட்டு.

"இப்ப நீயும் நம்ம வீட்டு உருப்படிதான். போ, போய் உங்க ஆபீஸ் அம்மா கிட்டக் காட்டு."

அப்போது மேலே காவலர்களின் விசில் கேட்டது. துப்பாக்கிச் சத்தத்துக்கு ஓடி வருகிறார்கள். இன்னும் இரண்டு நிமிஷம். வேட்டு அண்ணன் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கி, நல்ல கையால் அவனைப் பிளவுக்குள் தள்ளினான். "மூச்சு விடாத. சுட்டுடுவானுங்க."

ஆடுகள் கடலில் போய்விட்டன, படகு போய்விட்டது. மிச்சம் இருந்த ஒரே சாட்சி வேட்டுவின் தலையில் ஒட்டியிருந்தது. அந்த அம்மா ஒரு பார்வை பார்த்தால் போதும், பதிவேட்டைத் திறக்கக்கூட வேண்டாம். வேட்டு தன் இடது காதின் அடியில் கத்தியை வைத்தான். பத்து வருஷமாகச் செய்த வேலைதான், கைக்குப் பழக்கம். ஒரே இழுப்பு. அறுத்ததைக் கடலில் எறிந்தான். பிளவுக்குள்ளிருந்து அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வந்தவன் வெட்டிட்டு, படகோட முழுகிட்டான்" என்று காவலர்களிடம் சொல்லிவிட்டு மயங்கி விழுந்தான். மூன்றாம் நாள், பெண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டு தடுத்தும் கேளாமல், தலைக்கட்டோடு தீவுக்குப் போய், படகில் தார்ப்பாயால் மூடி அண்ணனைக் கரை சேர்த்தான். அண்ணனுக்குப் பட்டினியில் கண் உள்ளே போயிருந்தது. அலுவலகத்தில் வேட்டுவுக்குத் துணிச்சல்காரன் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அதை அவன் பெண்டாட்டி அரிசி டப்பாவுக்கு மூடியாக்கினாள்.

மிச்சம் இருந்ததையும் பட்டைக்காரியையும் வேட்டு சுட்டு முடித்த பிறகு, இரண்டு வருஷம் ஒரு ஆடுகூட இல்லை. புல் வந்தது, புதர் வந்தது, பறவைகள் வந்தன. அந்த அம்மா சொன்னபடி நாள் குறித்தார். மூன்று படகுகளில் நாற்பது வீட்டு ஜனங்களும் வந்து இறங்கினார்கள். அண்ணனும் வந்தான்.

கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. கொண்டுபோய்க் கட்டியவன் வேட்டுதான், முந்தைய நாள், உத்தரவுப்படி. சுற்றுச்சுவர் இருந்ததால் அங்கே மட்டும்தான் மண் கரையாமல் நின்றிருந்தது. வளை தோண்ட ஆழமான மண் வேண்டும். தீவில் அப்படி மண் இருந்த ஒரே இடம் அது. திரும்பி வந்த பறவைகள் எல்லாம் அங்கேதான் குடியேறியிருந்தன. குழிமேட்டுக்குக் குழிமேடு வளை, வளைக்குள் குஞ்சு. மிதித்தால் இடிந்துவிடும்.

"பன்னெண்டு வருஷம் வேலை பாத்து இதைத்தான் வாங்கிக் குடுத்தியா? எட்ட நின்னு பாக்கறதுக்கு?" அண்ணன் யாரைப் பார்த்தும் கேட்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. நியாயமான கேள்விதான் என்று வேட்டுவுக்கே பட்டது.

அண்ணன் கயிற்றைத் தாண்டினான். ஒரு அடி வைத்தான், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த அடியில் மண் உள்வாங்கி முழங்கால்வரை கால் இறங்கியது. கீழே கீச்சென்று ஒரு சத்தம், பாதியில் நின்றது. காலை உருவினான். பாதத்தில் ரத்தமும், அதில் ஒட்டிய சாம்பல் நிறப் பஞ்சு இறகும். அந்தக் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒற்றைக் காலில் நின்றான். ஆடு சாகும்போது கலங்காத மனுஷன். முன்னால் இரண்டு அடியில் அப்பா.

"தம்பி" என்றான். பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவை. "எங்கடா கால் வைக்கிறது?"

வளை இடியாமல் நடப்பதற்காகக் காவலர்கள் வைத்திருந்த பலகையை வேட்டு எடுத்துப் போட்டு உள்ளே போனான். "அசையாம நில்லு. அப்பா கிட்டப் போகணுமா, திரும்பணுமா?"

அண்ணன் குனிந்து மண்ணைப் பார்த்தான். அடியில் இன்னொன்று கத்திக்கொண்டிருந்தது.

"திரும்பலாம்டா. கையைக் குடு."

வேட்டு கையைக் கொடுத்தான்.