முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு

எங்க வீட்டுக்காரருக்குத் தலைசுத்தல் வந்து, திருநெல்வேலி டாக்டர் "இனிமே ஸ்டீரிங்கத் தொடக் கூடாது"ன்னு சொன்னப்போ அவுக மொகம் போன போக்கப் பாக்கணுமே! கல்யாணம் ஆன நாள்லேர்ந்து வண்டி ஓட்டுறது அவுக, பக்கத்துல வாய மூடிட்டு ஒக்காந்து வாரது நானு. இப்போ எடம் மாறிப்போச்சு. ஐம்பது வயசுக்கு மேல லைசென்ஸ் எடுத்து, சங்கரன்கோவில் தெருவுல கார் ஓட்ட ஆரம்பிச்சேன். எனக்கே நம்ப முடியல, பின்ன அவுகளுக்கு எப்படி நம்பிக்கை வரும்?

பக்கத்து சீட்டுல இருந்துக்கிட்டு இல்லாத பிரேக்க மிதிப்பாவ. "ஏட்டி, மாடு! ஏட்டி, பஸ்ஸு!" ஏங்க, எனக்கு என்ன கண்ணு அவிஞ்சா போச்சு?

இப்படி இருக்கையில, மேலநீலிதநல்லூர் பள்ளிக்கூடத்துக்கிட்ட நான் மெதுவாப் போக, பின்னாடி வந்த பைக்குக்காரன் டொம்முன்னு இடிச்சான். அவனுக்கு ஒரு கீறல் இல்ல. ஆனா கூட்டம் கூடிருச்சு. "பொம்பள திடீர்னு பிரேக் போட்டுட்டா"ன்னு ஆளாளுக்கு என்னையத்தான் ஏசுனாவ. எங்க வீட்டுக்காரரு வாயே தொறக்கல. வீட்டுக்கு வந்த பிறவுதான் தொறந்தாவ. "இது சரிப்படாது. அடுத்த தடவ ஆஸ்பத்திரிக்கு ஆக்டிங் டிரைவரச் சொல்லிருவோம்."

எனக்கு உச்சி வரைக்கும் ஏறிருச்சு. "ஒரு கேமரா மாட்டுவோம். அதுல எம்மேல தப்புன்னு தெரிஞ்சா அன்னைக்கே வண்டிய விட்டுருதேன்"னு சொல்லிட்டேன்.

ராஜபாளையம் ரோட்டுல சீட் கவர், ஸ்டீரியோ மாட்டுற கடைக்குப் போனோம். "முன்னாடி மட்டும் போதும் அண்ணாச்சி. இவ ரோட்டப் பாத்து ஓட்டுதாளான்னு தெரிஞ்சாச் சரி"ன்னாவ எங்க வீட்டுக்காரரு. கொழுப்பப் பாத்தீங்களா! "இடிச்சவன் பின்னாடில்லா வந்தான்? பின்னாடியும் ஒண்ணு வேணும்"னேன்.

கடைக்காரரு பொறுமசாலி. எங்க சண்டைக்கு நடுவுல ஒவ்வொண்ணா எடுத்துக் காட்டுனாரு. "பெரிய ஸ்கிரீனப் பாத்து மயங்காதீங்க அக்கா, நம்பர் பிளேட் தெளிவாத் தெரியுதான்னு பாருங்க. பேட்டரி வச்சது நம்ம ஊரு வெயிலுக்கு ஊதிப்போயிரும், கெப்பாசிட்டர் வச்சது எடுங்க." கெப்பாசிட்டர்னா என்னன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஆனா அது சித்திர வெயிலத் தாங்கிருச்சு. பின் கண்ணாடில எங்க குலசாமி பேரு பெருசா ஒட்டியிருக்கும். அதுக்கும் குந்தகம் வராம ஓரமா மாட்டி, வயரக் கூரைத் துணிக்குள்ள கொண்டு போய்க் குடுத்தாரு. நல்லா இருக்கட்டும் அந்த மனுசன்.

மொத நாள் படத்துல ரோடே தெரியல. அவுக உள் கண்ணாடில தொங்கவிட்ட பாசிமாலதான் இங்கிட்டும் அங்கிட்டும் ஆடிச்சு. அதக் கழட்ட ஒரு சண்ட. அதுக்குப் பிறவு தெனமும் சாயங்காலம் கேமராப் படத்தப் போன்ல போட்டுக்கிட்டு ஒக்காந்து, பரிச்சப் பேப்பர் திருத்துற வாத்தியார் கணக்கா என் ஓட்டத்தத் திருத்துவாவ. "இங்கன ஏன் ஒதுங்குன? அங்கன ஏன் நின்ன?"

ஒரு நாள் திருவேங்கடம் பக்கம் எங்க கரிசக்காட்டப் பாத்துட்டுத் திரும்பி வாரோம். ரோட்ட அடச்சு ஆட்டு மந்த. நான் நிறுத்திட்டேன். பின்னாடி பஸ்ஸுக்காரன் ஹாரன்ல இருந்து கைய எடுக்கல. "ஏட்டி, ஸ்டீரிங்க எடது பக்கம் ஒடி! மேல ஏறிருவான், ஒடி!"ன்னு இவுக கத்துதாவ. நான் ஒடிக்கல. இண்டிகேட்டர் ரெண்டையும் போட்டுட்டு அப்படியே நின்னேன். ஆடு போன பிறவுதான் எடுத்தேன். வீடு வார வரைக்கும் வசவு. நானும் வெறப்பா வந்தேன்.

அன்னைக்குச் சாயங்காலம் காப்பி கொண்டு போனா, அவுக போன்ல மூழ்கிக் கெடக்காவ. பின் கேமராப் படத்துல ஒரே எடத்தத் திருப்பித் திருப்பிப் பாக்காவ. பஸ்ஸுக்கு எடது பக்கம், மண்ணுல, ஒரு பொண்ணு ஸ்கூட்டில வாரா. முன்னாடி சின்னப் புள்ள நிக்குது. எங்க காரோட எடது பக்கத்த ஒரசுற மாதிரிப் போறா. நான் அந்த நேரம் ஒடிச்சிருந்தா அந்தப் புள்ள மேலதான்.

"இந்தப் புள்ளய நீ பாத்தியா?"

"சைடு கண்ணாடில பாத்தேன். அதான் ஒடிக்கல."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க எங்க பேச விட்டீய?"

அவுக சிரிக்கல. போனக் கீழ வச்சாவ. "நான் ஓட்டியிருந்தா ஒடிச்சிருப்பேன்"னாவ.

ஜெயிச்சுட்டோம்னு எனக்குத் தோணல. முன்பின் தெரியாத அந்தப் புள்ள பத்திரமா வீடு போய்ச் சேந்துச்சே, அதுக்காகச் சாமி இருக்குற தெசையப் பாத்துக் கும்புட்டேன். இவுகளையும் மனசுக்குள்ள கும்புட்டேன். தப்புன்னு தெரிஞ்சதும் பொண்டாட்டிகிட்ட அத வாய்விட்டுச் சொல்ல எத்தன ஆம்பளைக்கு மனசு வரும்?

ஆக்டிங் டிரைவர் பேச்ச அதுக்குப் பிறவு யாரும் எடுக்கல. அடுத்த தடவ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பயில சீட்டப் பின்னாடி சாச்சுக்கிட்டாவ. பனவடலிசத்திரம் தாண்டி ஒரு பேச்சையும் காணோமேன்னு திரும்பிப் பாத்தா, வாயத் தொறந்துக்கிட்டுத் தூங்குதாவ. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. திருநெல்வேலி போற வரைக்கும் மேடு பள்ளம் வந்த எடத்துல எல்லாம் மெதுவா ஏத்தி எறக்குனேன், அவுக முழிச்சிரக் கூடாதுன்னு.