வெள்ளிக்கிழமைக்கு மாறிய ஆட்டம்

பூப்பந்து மட்டையின் நரம்பைக் கட்டைவிரல் நகத்தால் சுண்டினால் "டங்" என்று ஒரு சத்தம் வரும். நல்ல மட்டையாக இருந்தால் அந்தச் சத்தம் பிடி வழியாக மணிக்கட்டுவரை இறங்கும், கட்டையில் எங்காவது விரிசல் இருந்தால் விரலோடு செத்துப்போகும். போன மாதம் தஞ்சாவூரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் நின்றுகொண்டு, அறுபதைத் தாண்டிய வயதில், ஒவ்வொரு மட்டையாக எடுத்துச் சுண்டிக் காதோரம் வைத்துக் கேட்டேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மா, இதெல்லாம் இப்ப பைபருங்க. சத்தத்த வச்சுக் கண்டுபிடிக்க முடியாது" என்றார். எனக்கும் தெரியும். எங்கள் குடியிருப்புப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து மறுபடி ஆடலாம் என்று கிளம்பியிருக்கிறோம், பென்ஷனுக்குக் கட்டுப்படியாகிற மட்டையாக ஒன்று வேண்டும், அவ்வளவுதான். ஆனாலும் விரல் தானாக நரம்புக்குப் போனது. மட்டை வாங்க எனக்குக் கற்றுத்தந்தது அப்பா.

அப்போது எனக்குப் பதினொரு வயது. மன்னார்குடிக்குக் கிழக்கே வாய்க்கால் கரையில் எங்கள் ஊர். கறுப்பு சிவப்புக் கொடி ஒரு தெருவிலும் செங்கொடி அடுத்த தெருவிலும் பறந்த காலம். கூலிக்காகவும் நிலத்துக்காகவும் ஊருக்கு ஊர் தகராறு நடந்துகொண்டிருந்தது. எங்களுக்குச் சொந்த நிலம் கிடையாது. பண்ணை வீட்டாரின் ஒன்பது மா நிலத்தை, அதாவது மூன்று ஏக்கரை, என் தாத்தா காலத்திலிருந்து குத்தகைக்குச் சாகுபடி செய்துவந்தோம். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே நெல்லை அளந்து கொடுத்துவிடுவோம். அதற்கு ரசீது என்று ஒரு துண்டுக் காகிதம் வாங்கியதில்லை, கேட்பதே மரியாதைக் குறைவு என்று அப்பா நினைத்தார்.

பண்ணை வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். நிலமும் அதட்டலும் பெரியவருடையவை. தம்பியை ஊரே "சின்னவர்" என்றது. அவருக்குப் பூப்பந்து என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். தென்னந்தோப்பை ஒட்டித் தரையைக் கெட்டித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டு ஆடுகளம் வைத்திருந்தார். பக்கத்துக்கு ஐந்து பேர் ஆடும் ஆட்டம் அது. சின்னவர் நடுவில் நிற்கும் "சென்டர்", பள்ளிக்கூட நாளிலிருந்து அவரோடு ஆடிய என் அப்பா கோவிந்தராசு கடைசியில் நிற்கும் "பேக்". தெருவில் அவரைப் பார்த்தால் அப்பா தோள் துண்டைக் கையில் எடுத்துக்கொள்வார். அதே அப்பா சுண்ணாம்புக் கோட்டுக்குள் போய்விட்டால், "விடுடா, எனக்கு!" என்று கத்துவார், சின்னவரும் சட்டென்று விலகிப் பந்தை விடுவார். ஊரில் வேறெங்கும் நடக்காத காரியம். அந்த "டா"வில் அப்பா மயங்கித்தான் போயிருந்தார்.

தாத்தா இறந்து சாகுபடி முழுவதும் தலையில் விழுந்தபோது அப்பா ஆட்டத்தை விட்டார். ஆறு வருடம் ஓடிவிட்டது. அந்தத் தை மாதம் நாங்கள் போரடித்துக்கொண்டிருந்த களத்துக்குச் சின்னவரே நடந்து வந்தார். "பேக்ல ஆள் இல்லாம மானம் போவுதுய்யா கோவிந்தராசு. நீ இல்லாத ஆட்டம் ஒரு ஆட்டமா? இந்த வருஷம் நாகப்பட்டினம் கப்பு நமக்கு வேணும்" என்றார். வைக்கோல் தூசிக்குள் நின்ற அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக அவரை அதற்கு முன் பார்த்ததில்லை.

வீட்டு உத்தரத்தில் தொங்கிய பழைய மட்டையை இறக்கினால், நரம்பை எலி தின்றிருந்தது, கட்டை வளைந்து போயிருந்தது. சின்னவர் தன்னுடைய மட்டைகளில் ஒன்றைத் தருவதாகச் சொன்னார். "அடுத்தவங்க மட்டையில ஆடினா கை கூசும்" என்று அப்பா மறுத்துவிட்டு, வைக்கோல் விற்ற காசை மடியில் முடிந்துகொண்டு என்னையும் அழைத்துக்கொண்டு மன்னார்குடிக்கு பஸ் ஏறினார்.

புது மட்டை எதுவும் எங்களுக்கு எட்டுகிற விலையில் இல்லை. மூலையில் கிடந்த பழைய மட்டைகளைக் கடைக்காரர் காட்டினார். அப்பா அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒவ்வொன்றையும் சிமெண்டுத் தரையில் படுக்கவைத்து வளைவு பார்த்தார், ஒற்றை விரலில் நிறுத்தி எடை பார்த்தார், பிறகு நரம்பைச் சுண்டி என் காதில் வைத்து, "கேளு பாப்பா, சத்தம் எங்க போவுது?" என்றார். பார்ப்பதற்கு லட்சணமான ஒரு மட்டை எனக்குப் பிடித்திருந்தது. அப்பா சுண்டினார், முகம் சுளித்தார், பிடிக்கு மேலே சுற்றியிருந்த தோலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். உள்ளே விரிசல், அதன்மேல் பசை. "ஒட்டு வேலைய மறைச்சு விக்கிறியே அண்ணே!" என்று அவர் சிரிக்க, கடைக்காரரும் அசடு வழியச் சிரித்தார். வெயில் சாயும்வரை தேடிக் கடைசியில் பார்க்க லாயக்கில்லாத, நிறம் வெளுத்த ஒரு மட்டையை வாங்கினோம். அதன் சத்தம் என் மணிக்கட்டுவரை வந்தது.

மலிவு மட்டைக்குள் ஒளிந்திருந்த விரிசலைக் கண்டுபிடிக்க அரைநாள் உட்கார்ந்த மனிதர், ஒன்பது மாவுக்கு ஒரு நிமிஷம் உட்காரவில்லை.

பங்குனியில் ஊரில் தண்டோரா போட்டார்கள். குத்தகைக்குப் பயிர் வைப்பவர்களின் பெயரைப் பதிவு செய்ய அதிகாரி வருகிறார், வெள்ளிக்கிழமை காலை சாவடிக்கு நேரில் வந்து பெயர் கொடுக்க வேண்டும் என்றார்கள். பெயர் ஏறிவிட்டால் அப்புறம் நிலத்தை விட்டு யாரும் எங்களை எழுப்ப முடியாது. அம்மா அன்றைக்கு அடுப்படியிலேயே கையெடுத்துக் கும்பிட்டாள். இரண்டு நாள் கழித்துச் சின்னவர் வந்தார். நாகப்பட்டினத்தில் ஞாயிற்றுக்கிழமை நடக்க வேண்டிய கடைசி ஆட்டம் வெள்ளிக்கிழமைக்கு மாறிவிட்டது என்றார். அப்பா தயங்கினார். "சாவடியில அண்ணன் இருப்பாருல்ல? நிலத்துக்காரரே உன் பேரச் சொன்னா வேற என்னய்யா சாட்சி வேணும்? நீ வந்து ஆடு" என்று தோளில் கை போட்டார்.

அவர் போனதும் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏங்க, ஆட்டத்த மாத்தினது யாரு?"

அப்பா மட்டையை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். நான்தான் குறுக்கே விழுந்தேன். கப்பைப் பார்க்க என்னையும் கூட்டிப்போவதாக அப்பா சொல்லியிருந்தார். நாகப்பட்டினத்தில் கடல் வேறு இருந்தது. "போலாம்ப்பா, போலாம்ப்பா" என்று இரண்டு நாள் அவரைப் பிடுங்கி எடுத்தேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

வெள்ளிக்கிழமை அப்பா ஆடியதுபோல் ஒரு ஆட்டத்தை அதற்குப் பிறகு நான் எங்கும் பார்த்ததில்லை. ஆளுக்கு ஒரு ஆட்டம் ஜெயித்து, மூன்றாவது ஆட்டத்தில் இரண்டு பக்கமும் இருபத்தேழில் நின்றது. "விடுடா!" என்று அப்பா கத்த, சின்னவர் குனிய, அந்த வெளுத்த மட்டை இரண்டு முறை பேசியது, இருபத்தொன்பது, கப் எங்களுக்கு. சின்னவர் ஓடிவந்து அப்பாவைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணில் நீர் இருந்தது. அது நிஜமான கண்ணீரா என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். நிஜம்தான் என்று தோன்றும்போது கோபம் இன்னும் அதிகமாகிறது.

ஆட்டத்துக்கு முன்பு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த என் பக்கத்தில் எதிரணிக்காரர் ஒருவர் அலுத்துக்கொண்டார். "ஒங்க ஊரு சின்னவர் கேட்டாருன்னுதான் ஞாயித்துக்கெழமைய வெள்ளிக்கெழமையாக்கினோம். அதனால எங்க நல்ல ஆளு ஒருத்தனால வர முடியலை." காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. என் கண் முழுவதும் கப்பின் மேல் இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பினோம். கப் சின்னவர் வீட்டுக்குப் போயிருந்தது, அப்பா கையில் மட்டையும் ஒரு மாலையும். அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். மனம் கேட்காமல் காலையில் சாவடிக்குப் போயிருக்கிறாள்.

"ஒங்க வீட்டுக்காரர் எங்கம்மான்னு ஆபீசர் கேட்டாரு. எனக்கு வாய் வரல. பெரியவருதான் சொன்னாரு, 'நாகப்பட்டினத்துல பந்தாடப் போயிருக்கான் சார். பயிர் வைக்கிற சம்சாரி செய்யிற காரியமா இது? நம்ம பண்ணையில கூலிக்கு நிக்கிறவன். நிலம் எங்க சொந்தச் சாகுபடி'ன்னு. சாவடியே சிரிச்சுதுங்க. பக்கத்து வயக்காரங்கள ஆபீசர் கேட்டாரு. ஒருத்தரும் தலைய நிமிர்த்தல."

அப்பா மாலையைக் கழற்றக்கூட இல்லை. "சின்னவருக்கு இது தெரிஞ்சிருக்காது" என்றார். அம்மா பழைய கேள்வியையே மறுபடி கேட்டாள், "ஆட்டத்த மாத்தினது யாரு?" அப்போதுதான் எனக்கு உறைத்தது. "சின்னவர்தாம்மா. அந்த ஊர்க்காரரு சொன்னாரு" என்றேன். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவரை அடித்திருந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

மறுநாள் பண்ணை வீட்டு வாசலில் சின்னவர் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணன் விஷயத்துல நான் என்னய்யா பண்ண? நிலம் வேற, நம்ம ஆட்டம் வேற" என்றாராம். மனு எழுதி அப்பா ஒரு வருடம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். ரசீது இருக்கிறதா என்று எல்லோரும் கேட்டார்கள். அடுத்த நடவுக்கு எங்கள் வயலில் வேறு ஆட்கள் இறங்கினார்கள், அப்பா மன்னார்குடியில் ஒரு ரைஸ்மில்லில் மூட்டை தூக்கினார்.

அதன் பிறகும் சின்னவர் கூப்பிட்டார் என்பதுதான் வேடிக்கை. அப்பா போனார் என்பதை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை. நானும் பின்னால் ஓடினேன். முதல் பந்து சென்டருக்கும் பேக்குக்கும் நடுவில் உயர்ந்து வந்தது. அப்பா வாய் திறக்கவில்லை. சின்னவர், அப்பாவின் குரலுக்காகக் காத்து நின்றார். பந்து இரண்டு பேருக்கும் நடுவில் விழுந்து உருண்டது. அப்பா கோட்டைத் தாண்டி வெளியே வந்து, மட்டையை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார். அந்த மட்டையில்தான் நான் பள்ளிக்கூட அணிக்கு ஆடினேன், கல்யாணம்வரை.

அப்பா இறந்தபோது சின்னவர் பெரிய ரோஜா மாலையோடு வந்தார். "நம்ம பேக் போயிட்டானே" என்று வாய்விட்டு அழுதார். அம்மா நிமிர்ந்து பார்க்காமல் சொன்னாள், "ஆட்டம் முடிஞ்சிருச்சுங்க. கெளம்புங்க."

இப்போது அந்தச் சாவடி இல்லை. ஆடுகளமும் தோப்பும் மனைப்பிரிவாகி வண்ணக் கல் நட்டுக் கிடக்கின்றன. மர மட்டை, குடல் நரம்பு எதுவும் கடைகளில் கிடையாது. சின்னவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒன்பது மா மட்டும் அங்கேயே இருக்கிறது, யார் யாரோ பெயரில் பச்சையாக.

கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததில் விலை குறைந்த ஒன்றை வாங்கிக்கொண்டேன். பில் போட்டுக்கொண்டே அவர், "மூத்தவங்களுக்கு ஒரு போட்டி வச்சிருக்கோம், அஞ்சு பேருன்னு சொன்னீங்களே, எல்லாரும் வாங்கம்மா. ஞாயித்துக்கெழமைன்னு இருந்தது, வெள்ளிக்கெழமைக்கு மாத்திட்டோம்" என்று சிரித்தபடி ஒரு நோட்டீஸை நீட்டினார். பாவம், நல்ல மனிதர். என் கை அதை வாங்கவில்லை.

"மாத்தினது யாருங்க?" என்று கேட்டேன்.