மாற்றிக்கொண்ட வாக்குத்தத்தச் சீட்டு

நல்லம்மாள் பயந்து கத்தினால் கிள்ளான் ஸ்டேஷனில் ரயிலே நின்றுவிடும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். அங்கே ரயில் எப்படியும் நிற்கும். ஆனால் எங்கள் சபையில் அவரளவுக்குப் பயப்பட ஆளில்லை என்பது சத்தியம். பல்லி, இடி, லிஃப்ட், தெரியாத நம்பரிலிருந்து வரும் போன், எல்லாவற்றுக்கும் பயம்.

தமிழ்ப்பள்ளி கென்டீனில் இருபத்தெட்டு வருடம் உருளைக்கிழங்கு மசாலா அடைத்த கறிபப் பொரித்தவர். ஓய்வு மணி அடித்தால், வரிசையின் கடைசிப் பிள்ளை வந்து சேர்வதற்குள் தட்டு காலியாகிவிடும். கடவுளின் ஆசீர்வாதத்தையும் அவர் அப்படித்தான் எண்ணியிருந்தார்.

இந்தப் புத்தாண்டன்று காலை ஆராதனை முடிந்ததும், வழக்கம்போல வாக்குத்தத்தச் சீட்டுப் பெட்டி வந்தது. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அதிலிருக்கும் வேத வசனம்தான் அந்த வருடத்துக்குக் கடவுள் நமக்குத் தரும் வாக்கு. நல்லம்மாளின் பக்கத்து வீட்டு மாதவி மண்டபத்தில் எல்லாருக்கும் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தாள். தனக்கும் ஒன்று எடுத்து வைக்கச் சொல்லியிருந்தாள். நல்லம்மாள் முதலில் மாதவிக்கு எடுத்தார். நீண்ட ஆயுள் வந்தது. பிறகு தனக்கு எடுத்தார். இரண்டாவது வரியில் மரணம் என்ற சொல்லைக் கண்டதும் பயந்துவிட்டார். மேற்கொண்டு படிக்கவில்லை. அதை மடித்து மாதவியிடம் கொடுத்துவிட்டு, நீண்ட ஆயுளைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்டில் மாதவிக்கு நெஞ்சுவலி. இருதயத்தில் மூன்று அடைப்பு, மூன்று வாரத்தில் ஆபரேஷன் என்றார்கள்.

நல்லம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க முன்னால் போகப் பயந்து கடைசி பெஞ்சில் ஒளிந்தார். மாதவி செத்தால் அவள் உயிரைத் திருடியது தான்தான் என்று நினைத்து நினைத்து நடுங்கினார்.

ஆபரேஷன் அன்று காலை, தான் பயப்படும் லிஃப்டிலேயே ஏறி ஆஸ்பத்திரியின் ஏழாவது மாடிக்குப் போய்ச் சீட்டை நீட்டினார்.

“இது உன்னோடது மாதவி. நான்தான் மாத்திட்டேன். உள்ள போறதுக்கு முன்ன வாங்கிக்க.”

மாதவி அதை வாங்கவில்லை. தலையணைக்குக் கீழிருந்து தன் சீட்டை எடுத்துக் கொடுத்தாள்.

“கடைசி வரி வரைக்கும் படிங்கக்கா.”

மரண இருட்டில் நடந்தாலும் கடவுள் கூடவே வருகிறார் என்று முடிந்திருந்தது அது.

“எட்டு மாசமா இதை வச்சிக்கிட்டுத்தான் தூங்குறேன். ஆசீர்வாதம் என்ன உங்க கென்டீன் கறிபப்பா, நீங்க எடுத்தா எனக்கு இல்லாம போறதுக்கு? கிருபை லா அக்கா. சும்மா குடுக்கறதை எப்படித் திருடுவீங்க?”

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஐந்து மணி நேரம் நல்லம்மாள் இரண்டு சீட்டையும் பிடித்தபடி வெளியே உட்கார்ந்திருந்தார். பயம் மட்டும் போகவில்லை. டாக்டர் வந்து நல்லபடியாக முடிந்தது என்று தலையசைத்த பிறகுதான் கைவிரல்களைப் பிரிக்க முடிந்தது.

அடுத்த ஞாயிறு திருவிருந்துக்கு முதல் ஆளாக எழுந்து போனவர் நல்லம்மாள்தான்.

இந்தக் கதையில் மாதவி சிங்கம்போல, துளியும் பயமில்லாமல் உள்ளே போனாள் என்றும் எழுதியிருந்தேன். அவளுக்கே படித்துக் காட்டும்போது, மாதவி அந்த இடத்தில் என்னை நிறுத்திவிட்டாள்.

“சிங்கமா? எனக்குக் கை காலெல்லாம் ஆடுச்சு ஆன்டி. ஆபரேஷன் ரூம் கதவு வரைக்கும் அக்கா கையை நான் விடவே இல்ல. என் நகம் பட்ட தழும்பு இன்னும் இருக்கும், போய்ப் பாருங்க.”