பூட்டாத பீரோவும் ஒரு பைண்டு புத்தகமும்

போன வருடம் சித்திரை மாதம். ராமநாதபுரத்தில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வருமென்று குடங்களை வரிசையில் வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். சென்னையில் இருக்கும் மகள் போனில் ஒரு லிங்க் அனுப்பியிருந்தாள். லிங்க் என்றாலே எனக்கு ஆகாது. அவளுக்கே போன் போட்டு, "நீதான் அனுப்புனியா?" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் திறந்தேன். பால்காரர் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லோரையும் சந்தேகப்படுகிற ஆள் நான்.

திறந்தால், என் உயிருக்குயிரான எழுத்தாளரின் தொடர்கதை! கல்யாணத்துக்கு முன்பு வாராவாரம் பத்திரிகையிலிருந்து பக்கங்களைப் பிரித்துச் சேர்த்து, பைண்டு பண்ணி வைத்திருந்தேன். சீர்ப் பாத்திரங்களைவிட அதைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொண்டேன். ராமேஸ்வரத்தில் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் அதை இரவல் வாங்கிப் போனாள். பிறகு ஒருநாள் தேடினால் காணோம். "அப்பவே தந்துட்டேனே மதினி" என்று அவள் சொன்னதை நான் நம்பவே இல்லை. அந்த வயிற்றெரிச்சலில் அந்த எழுத்தாளரைப் படிப்பதையே விட்டுவிட்டேன்.

அவள் வீட்டுக்குப் போனால் என் கண் அலமாரியைத்தான் துழாவும். அவள் அடுப்படிக்குள் போனதும் மெத்தையைக்கூடத் தூக்கிப் பார்த்திருக்கிறேன். அவள் பீரோ மட்டும் எப்போதும் 'ஆ'வென்று திறந்தே கிடக்கும். கள்ளி, வேறு எங்கோ ஒளித்துவிட்டுத்தான் இதைத் திறந்து போட்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொள்வேன். இந்த லிங்க் வந்த மறுவாரம் அவள் மகளுக்கு வளைகாப்பு. கால்வலி என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் இருந்தேன்.

போனில் படிக்க ஆரம்பித்ததும் கதை பழையபடி என்னை இழுத்துக்கொண்டது. லாரி வந்ததே தெரியவில்லை; பக்கத்து வீட்டு அக்காதான் என் குடங்களையும் பிடித்து வைத்தார். நாலாம் அத்தியாயத்தில் ஓர் எண்ணெய்க் கறை. அட, தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே படித்தபோது நான் சிந்தியதல்லவா! முதல் பக்கத்துக்கு ஓடினேன். என் கையெழுத்து. யாரோ ஒரு புண்ணியவான் பழைய புத்தகக் கடையில் என் புத்தகத்தை வாங்கி, எல்லோரும் படிக்கட்டுமென்று ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கிறார். "அடிப்பாவி, எடைக்குப் போட்டுட்டாளே!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன்.

கடைசிப் பக்கத்தைப் பார்க்கும்வரைதான் அந்த ஆத்திரம். யார் யாருக்கு இரவல் கொடுத்தேன் என்று அங்கே எழுதி வைப்பது என் வழக்கம். நாத்தனார் பெயருக்கு நேரே 'வந்துவிட்டது' என்று நானே எழுதியிருந்தேன். அதற்குக் கீழே, பரமக்குடியில் இருக்கும் என் கூடப்பிறந்த தங்கையின் பெயர். அதற்கு நேரே ஒன்றுமில்லை.

தங்கைக்குப் போன் போட்டேன். "அதாக்கா? வீடு மாத்துறப்ப பழைய பேப்பரோட சேத்துப் போட்டுட்டேன்" என்று சிரித்தாள். அவளை ஒருநாளும் நான் சந்தேகப்பட்டதில்லை. கூனிக் குறுகிப் போனேன்.

வளைகாப்புக்கு முதல் ஆளாகப் போய் நின்றேன். நாத்தனாரைத் தனியே கூப்பிட்டு, போனில் அந்தப் பக்கத்தைக் காட்டி, "மன்னிச்சிரு தாயி, ஒன்னயப் போயி இத்தன வருசமா..." என்று அழுதுவிட்டேன்.

"தெரியும் மதினி. நீங்க மெத்தையத் தூக்கிப் பாத்ததையும் பாத்தேன். அதான் நீங்க வாரீகன்னாலே பீரோவத் திறந்து போட்டுருவேன். நல்லாப் பாத்துக்கிரட்டும்னு" என்றாள்.

அந்த எழுத்தாளரை இப்போது தினமும் போனில் படிக்கிறேன், புதிதாகப் படிப்பதுபோலத்தான் இருக்கிறது. ஆனால் யார் வீட்டிலாவது பீரோ திறந்து கிடந்தால், நிமிர்ந்து பார்க்க இன்றும் எனக்குக் கூசுகிறது.