கோதண்டராமன் திறந்து பார்க்காத கத்தி

கோதண்டராமன் காலமான செய்தி ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. மேலே யாரோ அனுப்பிய காலை வணக்க ரோஜாப்பூ, கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நான் அடுப்பை அணைத்தேன், மறுபடி பற்ற வைத்தேன், மறுபடி அணைத்தேன். குழுவில் ஒரு வரியும் போடவில்லை. அந்த மனிதருக்காக நான் எழுத வேண்டியது ஒன்று இருபது வருடமாகப் பாக்கி இருக்கிறது. அவரை அறிந்த நீங்கள் எல்லோரும் படிக்க அதை நம் டவுன்ஷிப் பத்திரிகையில் எழுதுகிறேன்.

சுரங்கப் பணிமனையில் அவர் கன்வேயர் பெல்ட் பிரிவு ஃபிட்டர். நான் அங்கே ஸ்டோர் கிளார்க். என் கணவர் சுரங்கத்தில் இறந்து, அதனால் எனக்குக் கிடைத்த வேலை அது. இரண்டு பெண் பிள்ளைகளை ஸ்கூலில் விட்டுவிட்டு முதல் நாள் போய் நின்றபோது ஆளாளுக்கு என் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. இவர் மட்டும், "மேடம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடும். இதை எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

அவருடைய பைத்தியம் உங்களுக்குத் தெரியும். கத்தி, முள்வாங்கி, டின் ஓப்பனர், கார்க் திருகி எல்லாம் ஒரே பிடிக்குள் மடங்கும் பழைய வெளிநாட்டுப் பாக்கெட் கத்திகள். முதல் சுரங்கம் தோண்டிய காலத்தில் வந்த ஜெர்மன் எஞ்சினியர்கள் ஊருக்குத் திரும்பும்போது கூட வேலை செய்தவர்களுக்கு இப்படிக் கத்திகளைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். டவுன்ஷிப்பிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் பல வீடுகளில் அவை கிடந்தன. எந்தக் கத்தி எந்தக் காலத்து மாடல் என்று கேட்க எல்லோரும் இவரிடம்தான் வருவார்கள்.

ஒருமுறை ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர், தன் மாமனார் காலத்துக் கத்தி என்று ஒன்றை மேஜையில் வைத்தார். நானே அதிலிருந்து முள்வாங்கியை உருவி, "சாம்பல் கலர் பிளாஸ்டிக் தலை. பழசுல இது முழுக்க இரும்பு. இது புதுசு" என்று பெரிய மேதாவி மாதிரி சொன்னேன். அவரிடம் கேட்டுக் கேட்டுக் கற்றதுதான். கோதண்டராமன் சிரித்தார். "முள்வாங்கி தொலைஞ்சா வேற வாங்கிச் சொருகிக்கலாம் மேடம். அதை நம்பிச் சொல்லாதீங்க." பிறகு ஒவ்வொரு அலகாகத் திறந்தார். அடியில் அடித்திருந்த முத்திரையை லென்ஸில் படித்தார், டின் ஓப்பனரின் மூக்கைப் பார்த்தார். கத்தி நிஜமாகவே பழசு. "ஒரு அலகு பொய் சொல்லும். எல்லாம் சேர்ந்து பொய் சொல்லாது. எல்லாத்தையும் திறக்காம நாம வாயைத் திறக்கக் கூடாது" என்றார். அந்த அதிகாரி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

எங்கள் பணிமனையிலும் ஒரு ஜெர்மன்காரர் விட்டுப்போன கத்தி கண்ணாடி அலமாரியில் இருந்தது. வருடம் ஒருமுறை ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் கோதண்டராமன் அதை வெளியே எடுத்து, எல்லா அலகுகளையும் திறந்து எண்ணெய் போட்டு, ஸ்பானர்களோடு சந்தனம் குங்குமம் வைத்து அடுக்குவார். வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

ஒரு நாள் அந்தக் கத்தியைக் காணவில்லை. மூன்றாம் நாள், வடக்குத்துக்காரரான கலியபெருமாள் என்கிற காண்ட்ராக்ட் தொழிலாளியின் சட்டைப்பையில் ஒரு கத்தி இருந்ததை கேட்டில் பிடித்தார்கள். பெர்மனென்ட் ஆக்கும் பட்டியலில் அவர் பெயர் வந்திருந்த நேரம். "எங்க அப்பாரு மொத மைன்ஸ்ல மண்ணு வெட்டுனாருங்க. அவருக்கு வெள்ளக்காரன் குடுத்ததுங்க. நான் எப்பவும் வச்சிகினுதான் இருப்பேன்" என்றார். அழவில்லை, கெஞ்சவில்லை, அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கோதண்டராமனைக் கூப்பிட்டார்கள். கத்தி பிளாஸ்டிக் கவரில், வாய் ஒட்டி, சீல் வைத்து இருந்தது. வெளியே ஷிப்ட் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கவரைத் திருப்பிப் பார்த்தார். "அந்த மாடல் மாதிரிதான் தெரியுது சார்" என்றார். அறிக்கை எழுதியது நான். எனக்கும் அதே பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். 'இது அதே கத்தி என்று ஃபிட்டர் கோதண்டராமன் உறுதி செய்தார்' என்று எழுதினேன். அவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

கலியபெருமாளின் கேட் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். பட்டியலில் பெயர் அடிக்கப்பட்டது. அந்தக் கத்தி அலமாரிக்குள் போனது.

அடுத்த ஆயுத பூஜைக்கு முந்தைய நாள் அவர் எண்ணெய்த் துணியோடு உட்கார்ந்தார். டின் ஓப்பனரைத் திறந்தவர் துணியைக் கீழே வைத்தார். பணிமனைக் கத்தியின் ஓப்பனர் நுனியில் குட்டி ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். இதில் அது இல்லை. கொக்கி போல வளைந்த பெரிய மூக்கு, அதற்கும் முந்தைய மாடல். "ஐயோ மேடம், இது அந்த ஆளோடதுதான்" என்றார்.

மறுநாளே மேலதிகாரியிடம் போனார். முடிந்துபோன விஷயத்தைக் கிளறாதே என்று விரட்டினார்கள். பிறகு ஒரு மனுவை எழுதி என்னிடம் கொண்டுவந்தார். அறிக்கை என் கையெழுத்தில் இருந்ததால் நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் மதிப்பு இருக்கும் என்றார். நான் போடவில்லை. "எனக்கு ரெண்டு பொண்ணு இருக்கு சார். வேலை போனா குவார்ட்டர்ஸும் போயிடும். நான் தெருவுலயா நிக்கறது?" என்று கத்தினேன். வேலை போயிருக்காது. எனக்கே தெரியும். பயந்தாங்கொள்ளி நான், அவ்வளவுதான். அவர் மனுவை மடித்துக்கொண்டார். "நான் சொன்னதைத்தான நீங்க எழுதினீங்க. தப்பு என்னுது மேடம்" என்றார். அவர் சொன்னது 'மாதிரி'. நான் எழுதியது 'அதே'. அதை அவர் ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. தன் பெயரில் மட்டும் மனுவைக் கொடுத்தார். பதிலே வரவில்லை.

கலியபெருமாள் முத்தாண்டிக்குப்பம் பக்கம் முந்திரி மூட்டை தூக்கப் போனார். ஊரில் அவருக்குக் 'கத்தி கலியபெருமாள்' என்று பெயர் விழுந்தது. அவர் மகளுக்கு மேல்பட்டாம்பாக்கத்தில் பேசி முடித்த சம்பந்தம் அந்தப் பெயர் காதில் விழுந்ததும் நின்றுபோனது. எனக்கு இதையெல்லாம் கேன்டீனில் யாராவது சொல்வார்கள். தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவேன். என் பெண்கள் இருவருக்கும் நல்லபடியாகக் கல்யாணம் ஆனது. இரண்டு கல்யாணத்துக்கும் கோதண்டராமன் வந்து பந்தி பரிமாறினார்.

அவர் ஓய்வு பெற்றபோது என்ன பரிசு வேண்டும் என்று கேட்டார்கள். அலமாரிக் கத்தி போதும் என்றார். விழாவில் சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள். மாலையைக் கழற்றாமலே வடக்குத்துக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் கடைத்தெருவில் பார்த்தபோது, "குடுத்துட்டீங்களா சார்?" என்றேன். "அவர் வாங்கிக்கல மேடம்" என்றார். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த மறுநாள் அவர் மனைவி என்னைக் கூப்பிட்டு அவருடைய கத்திப் பெட்டியைக் கொடுத்தார். "இதுல எது எதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்னு சொல்வாரு." ஒவ்வொரு கத்தியிலும் நூலால் ஒரு சீட்டு கட்டியிருந்தது. மாடல், முத்திரை, ஓப்பனர் வகை, யாருடையது என்று அவருடைய சின்னக் கையெழுத்து. கொக்கி மூக்குக் கத்தியின் சீட்டில் இப்படி இருந்தது: 'வடக்குத்து கலியபெருமாளுடையது. அறிக்கை எழுதியவர் எழுதிக் கொடுத்தால்தான் வாங்கிக்கொள்வாராம். மேடத்தைக் கேட்க வேண்டாம்.'

கடைசி வரியைப் படித்து நான் அழுதேன். அந்த வயதான பெண்மணி, இப்போதுதான் கணவனை இழந்து நிற்கிறவர், எனக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றினார். அதைவிட ஒரு வெட்கக்கேடு எனக்கு வேண்டியதில்லை.

போன வாரம் வடக்குத்துக்குப் போனேன். கலியபெருமாள் வாசலில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முதுகு வளைந்துவிட்டது. யார் என்று சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரு அஞ்சாறு வாட்டி வூட்டுக்கு வந்தாருங்க. வாயால சொன்னத வாயால மாத்திட்டாரு. அவரு மேல எனக்குக் கோவம் கெடையாது. எழுதுனவங்க வரலியே."

நான் கத்தியை நீட்டினேன். அவர் தொடவில்லை.

"இங்க வந்து ஏங்கிட்ட மட்டும் சொன்னா ஆச்சா? ஊரே பாத்துகினு இருக்க என்னைத் தொரத்துனாங்க. ஊரே படிக்கறாப்புல எழுதிக்கினு வாங்க. அப்பறம் வாங்கிக்கறன்."

ஆகவே எழுதுகிறேன். கலியபெருமாள் திருடவில்லை. அவரிடம் பிடுங்கிய கத்தி அவருடைய அப்பாவின் கத்தி. கோதண்டராமன் 'மாதிரி' என்றுதான் சொன்னார். 'அதே' என்று எழுதியது நான். திருத்த அவர் வந்து கேட்டபோது மறுத்ததும் நான்.

இது அச்சாகி வந்ததும் கத்தி வடக்குத்துக்குப் போய்விடும். சீட்டை மட்டும் அவிழ்த்து நான் வைத்துக்கொள்வேன்.

வசந்தா, ஸ்டோர் கிளார்க்காக இருந்தவள்.